கட்டுமாவடி மணலுக்கு வயது என்ன?

கட்டுமாவடிக் கரையில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். மணலும் இருக்கும், சேறும் இருக்கும். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்புவீர்களா?

ஆம்! இரண்டுமே பாறையில் பிறந்தவை.

புதுக்கோட்டைச் சீமையில் பாறைக்குப் பஞ்சம் இல்லை. திருமயம் கோட்டை நிற்பதும் பாறை மீதுதான். பகல் வெயிலில் பாறை விரிகிறது. இரவில் சுருங்குகிறது. கீறல் விழுகிறது. அதில் மழைநீர் இறங்குகிறது. செடியின் வேர் நுழைகிறது. பாறையில் உள்ள ஒருவகைப் பொருள் நீர் பட்டுப் பட்டுக் களிமண் ஆகிவிடுகிறது. இன்னொரு வகை கெட்டியானது. அது உதிர்ந்து மணலாகிறது. தென் வெள்ளாறு போன்ற ஆறுகள் இரண்டையும் மழைக்காலத்தில் உருட்டிக்கொண்டு வந்து பாக் நீரிணையில் சேர்க்கின்றன. மணலைக் கடல் நீரோட்டம் கரை நெடுகப் பரப்புகிறது. இந்தப் பக்கம் அலை பெரிதாக எழுவதில்லை. அதனால் சேறும் இங்கேயே தங்கிவிடுகிறது.

460 மீட்டர் கயிறு

பூமிக்கு வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டு. கோடி என்றால் நமக்குப் பணம்தான் நினைவுக்கு வரும்! ஆகவே ஒரு கயிறு எடுப்போம். வலைக்காரர் ஊரில் கயிற்றுக்கா குறைச்சல்? ஒரு மீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 460 மீட்டர் கயிறு. ஒரு முனை, பூமி பிறந்த நாள். மறுமுனை, இன்று.

இன்றைய முனையிலிருந்து பின்னோக்கி 12 மீட்டர் நடங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறதே, அது உயிரோடு நின்ற காலம் அது. அப்போது அந்த வட்டாரத்தில் கடல் இருந்தது. மரம் கடல் சேற்றில் புதைந்து கல்லாயிற்று. மண்ணியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் அதைக் கண்டறிந்தார்.

திருமயம் பாறையைத் தேடினால் 50 மீட்டரையும் தாண்டிப் போகவேண்டும்.

கட்டுமாவடிக் கடலுக்கோ கடைசி இரண்டு மில்லிமீட்டர் போதும்! 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகத்து நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் 15 மீட்டர்கூட இல்லை. அப்படியானால் அன்று இங்கே கடல் ஏது? யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம்! பனி உருகியது, நீர் ஏறியது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் கடல் இன்றைய மட்டத்தை நெருங்கியது. கயிற்றில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 1687இல் கட்டிய திருமயம் கோட்டை, ஒரு தலைமுடிக் கனம்கூட வராது.

அரை மணி நேரம்

இப்போது லாரிக்கு வருவோம். எந்திரத்தால் அள்ளினால் ஒரு லாரி மணல் நிறைய அரை மணி நேரம்கூட ஆகாது. ஆற்றில் மணல் போனால் கரைக்கு வரும் வரவு நின்றது. வரவு நின்ற கரையைக் கடல் அரிக்கும். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும். கரை மணல்மேடு இருந்தால் புயலில் ஏறும் நீரைக் கொஞ்சமாவது தடுக்கும். 2018இல் கஜா புயலைக் கண்ட மாவட்டத்துக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடலோரத்தில் மணல் எடுப்பதைத் தடுக்க 1991ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை போட்டது. கரைக்குக் காவல் போட்டுவிட்டு ஆற்றைத் திறந்துவிட்டால் என்ன பயன்? இரண்டும் ஒரே மணல்தானே!

“வீடு கட்ட வேண்டாமா?” என்பார்கள். நியாயமான கேள்வி. பாறையை உடைத்துச் செய்த மணல் கடையில் கிடைக்கிறது. அதற்கும் ஒரு குன்று போகிறது என்பது உண்மை. ஆனாலும் அள்ளுகிற ஆற்று மணலுக்கு ஓர் அளவு வேண்டும். ஆறு ஒரு மழைக்காலத்தில் எவ்வளவு கொண்டுவருகிறதோ, அதற்கு மேல் ஒரு கூடைகூட எடுக்கக் கூடாது என்பேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கோ இருக்கிற எரிமலைப் படத்தைக் காட்டுகிறோம். கட்டுமாவடிப் பிள்ளைகளை ஒருநாள் கரைக்கே அழைத்துப் போகலாம். 460 மீட்டர் நடக்க இடம் இருக்கிறது. கயிறு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் போதும்.