செத்தவள் பேர் என்ன?

பேய்ப்பட ரசிகர்களை ஒரு இடத்தில் சேர்ப்பது சுலபம். ஒத்துப்போக வைப்பதுதான் கஷ்டம். அதிலும் வந்த படம் 'அந்தக் காலத்துப் பாணி' என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பாதி தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். மறுபாதி டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கும்.

இந்த வாரம் அந்தச் சண்டையைப் பற்றித்தான் பேசப்போகிறோம். சண்டை பேய்ப்படத்தைப் பற்றிக்கூட இல்லை, 'ஸ்லாஷர்' படத்தைப் பற்றி. ஸ்லாஷரில் பொதுவாகப் பேய், பிசாசு கிடையாது. கத்தியோடு ஒரு மனிதன் வருவான். ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் சாவார்கள். கடைசியில் ஒருத்தி தப்பிப்பாள். அவ்வளவுதான் சூத்திரம்.

ஹாலிவுட்டில் இந்தப் பழைய சூத்திரத்துக்கு இப்போது மறுபடியும் மவுசு. டை வெஸ்ட் என்ற இயக்குநர் 2022-ல் எடுத்த 'எக்ஸ்' படத்தின் கதை 1979-ல் நடக்கிறது. அதைத் தொடர்ந்து 2024-ல் வந்த 'மேக்ஸீன்' 1985-ல் நடக்கிறது. படத்தின் நிறம், இசை, உடை எல்லாமே அந்தக் கால வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்ப்பது மாதிரி இருக்கும். (இரண்டும் பெரியவர்களுக்கான படங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது போட்டுவிடாதீர்கள்.) ரசிகர்கள் இங்கேயும் இரண்டு கட்சிதான். "ஆகா, அந்த வாசனை!" என்பவர்கள் ஒரு பக்கம். "பழைய சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறான்" என்பவர்கள் இன்னொரு பக்கம்.

நம்ம வீட்டுக் கத்தி

இதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம் என்று நினைத்தால் அது தப்பு. ஸ்லாஷர் படங்களுக்கு ஆதி என்று உலகம் கொண்டாடும் ஜான் கார்பெண்டரின் 'ஹாலோவீன்' வெளியானது 1978 அக்டோபரில். நம்ம பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வெளியானதும் அதே 1978 அக்டோபர்தான். கமல்ஹாசன், ஸ்ரீதேவி, அழகான ரோஜாத் தோட்டம். அந்தத் தோட்டத்துக்குக் கீழே என்ன இருந்தது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1980-ல் அமெரிக்காவில் 'ஃப்ரைடே தி தர்டீன்த்' வந்தது. அதே வருடம் இங்கே பாலு மகேந்திராவின் 'மூடுபனி' வந்தது. 1984-ல் மணிவண்ணன் 'நூறாவது நாள்' எடுத்தார். அதில் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜ் வந்து நின்ற கோலத்தை, அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்றைக்கும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த மூன்று படங்களுக்கும் இசை இளையராஜா. 2020 ஜனவரியில் மிஷ்கின் 'சைக்கோ' எடுத்தபோதும் இசை அவரேதான். ஹிட்ச்காக் 1960-ல் எடுத்த படத்தின் பெயரையே தன் படத்துக்கு வைத்தார் மிஷ்கின். காலம் இன்றையது, நடை பழையது. கண் தெரியாத கதாநாயகனாக உதயநிதி. கடத்தப்படும் பெண் தாகினியாக அதிதி ராவ் ஹைதரி. சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் போலீஸ் அதிகாரியாக நித்யா மேனன். பெண்களைக் கடத்திக் கொல்லும் அங்குலியாக ராஜ்குமார் பிச்சுமணி. புத்தர் கதையில் வரும் அங்குலிமாலாவைத்தான் அந்தப் பெயர் நினைவூட்டும்.

தமிழ் ரசிகர்கள் சமீபத்தில் சரிபாதியாகப் பிரிந்து அடித்துக்கொண்ட படம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மாமாவும் மருமகனும்

தோவாளையில் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் அந்தச் சண்டையை நேரிலேயே கேட்டேன். மாமாவுக்கு அறுபது வயதிருக்கும், மருமகன் கல்லூரி மாணவன்.

"லே மக்கா, கோயம்புத்தூர் மாதிரி ஊருல ஒரு சிசிடிவி கூடவால இல்ல? பொம்பளப் பிள்ளையள அவன் பாட்டுக்குத் தூக்கிட்டுப் போறான். போலீசு எல்லாம் எங்கல போச்சு?" என்றார் மாமா.

"மாமா, கதையில போயி ஆதார் கார்டு கேக்கியளே! அந்த இருட்டப் பாருங்க, அந்த மியூசிக்கக் கேளுங்க. அது ஒரு கெட்ட கனவு மாதிரி. கனவுல எங்க சிசிடிவி இருக்கும்?"

"கனவுன்னா நான் வீட்லயே படுத்துக் கண்டுக்கிடுவேன். தியேட்டருக்கு எதுக்கு வாரேன்?"

தமிழ்நாடு முழுக்க நடந்த விவாதத்தின் சாரம் இந்த நாலு வரிதான். ஒரு கட்சிக்கு நம்பும்படி இருக்க வேண்டும், இன்னொரு கட்சிக்கு நடுங்கும்படி இருந்தால் போதும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பழைய பாணிப் படத்தை ரசிக்க, தர்க்கத்தைக் கொஞ்சம் வாசலில் கழற்றி வைக்கத்தான் வேண்டும். ஆனால் படத்தில் கைப்பேசியும் ரேடியோ ஜாக்கியும் உள்ள ஊரைக் காட்டிவிட்டு, கேமராவை மட்டும் காணவில்லை என்றால் பார்க்கிறவன் கேட்கத்தான் செய்வான்.

அதுவரை பேசாமல் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள் மருமகனின் அம்மா. அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"அண்ணே, ரெண்டு பேரும் இவ்வளவு பேசுதியளே. அந்தப் படத்துல செத்துப்போன பிள்ளையள்ல ஒருத்தி பேராவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

யாருக்குக் கதை இருக்கிறது?

யோசித்துப் பார்த்தால், ரசிகர்கள் உண்மையில் பிரிந்து நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது. அங்குலி ஏன் இப்படி ஆனான் என்பதற்குப் படத்தில் ஒரு பால்யகாலக் கதை உண்டு. பள்ளிக்கூடத்தில் பட்ட கொடுமை உண்டு. கடைசியில் அவனைக் குழந்தையாகப் பார்க்கும் கண்ணும் உண்டு. மன்னிப்பைப் பற்றிப் பேசும் படம் என்று அதை விரும்புகிறவர்கள் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. கொன்றவனும் மனிதன்தான் என்று சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

இது மிஷ்கினோடு ஆரம்பித்ததும் இல்லை. 'சிகப்பு ரோஜாக்கள்' நாயகனுக்கும் சின்ன வயதில் பட்ட காயம் ஒன்று இருந்தது. 2018-ல் வந்து சக்கைப்போடு போட்ட 'ராட்சசன்' படத்தின் கொலைகாரனுக்கும் பள்ளி நாளில் பட்ட அவமானம் இருந்தது. நாற்பது வருடமாக நம் படங்கள் கொலைகாரனின் பால்யத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. கொலையான பெண்ணுக்கும் ஒரு பால்யம் இருந்திருக்குமே? அவளும் பள்ளிக்கூடம் போயிருப்பாள். அவளையும் யாரோ திட்டியிருப்பார்கள், யாரோ கொஞ்சியிருப்பார்கள். அதைச் சொல்ல மட்டும் படத்தில் நேரம் இருப்பதில்லை.

வேலை முடிந்து ராத்திரி வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அவளுக்கு 'ஏன் கொன்றான்' என்பதைவிட 'நான் வீடு போய்ச் சேர்வேனா' என்பதுதான் முதல் கேள்வி.

வில்லுப்பாட்டு சொல்லும் வேறு கணக்கு

இந்த விஷயத்தில் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் சினிமாவுக்கு ரொம்ப முன்னாலேயே ஒரு முடிவெடுத்துவிட்டார்கள். நம் ஊர்க் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டுக் கதைகளில் பாதி, கொலையில் முடிகிற கதைகள். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பக்கத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-ல் ஒரு புத்தகமே எழுதினார். கதைகளை அவர் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று இரண்டாகப் பிரித்தார். கைலாசத்தில் பிறந்த தெய்வங்களின் கதை ஒரு வகை. மனிதராய்ப் பிறந்து அநியாயமாகச் செத்து தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் இருக்கிறது. திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிடுவோமே, அவள்தான். இசக்கியின் கதையையும் நீலியின் கதையையும் ஊருக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். சாரம் மட்டும் மாறாது. நம்பிப் போனவள் கள்ளிக்காட்டில் அசந்து தூங்குகிறாள். நகைக்கு ஆசைப்பட்டவன் அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பார்த்த சாட்சி கள்ளிச்செடி மட்டும். அவள் திரும்பி வருகிறாள், அந்தக் கள்ளியையே கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு.

ஸ்லாஷர் படத்துக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. காடு, இருட்டு, துரோகம், கொலை, பழி. ஆனால் கணக்கு தலைகீழ். ஊருக்கு ஊர் பீடம் இருப்பது செத்தவளுக்கு. வருடாவருடம் கொடை நடப்பது செத்தவளுக்கு. கொன்றவன் பெயரைக் கேட்டால் நம்மில் பலர் தலையைச் சொறிவோம். வில்லில் அவள் சாவைப் பாடும் கட்டம் வரும்போது, குடமும் உடுக்கையும் வேகமெடுக்கும்போது, சாமியாடிக்கு அருள் வரும். கூட்டம் பயப்படும், அழும், கும்பிடவும் செய்யும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அந்தக் கள்ளியங்காடு எங்கேயோ இல்லை, நாகர்கோவில் பார்வதிபுரத்துப் பக்கம்தான் என்பார்கள் நம் ஊர்க்காரர்கள். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரோடு இருந்த மண் என்பதால், கள்ளியங்காட்டு நீலி மலையாளிகளுக்கும் சொந்தக்காரிதான். 2025 ஆகஸ்டில் வந்து பெரிய வெற்றி பெற்ற 'லோகா' மலையாளப் படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற பாத்திரம் அவள் கதையிலிருந்து வந்ததுதான். இத்தனை நூற்றாண்டு கழித்தும் நீலி பெயர் சொன்னால் தியேட்டர் நிறைகிறது.

அமுதா என்றொரு பெண்

இந்தக் கணக்கைத் தமிழ் சினிமா கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 2019 ஜூனில் அஸ்வின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' வந்தது. (பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

அதுவும் முகமூடியும் கத்தியுமாக வரும் படம்தான். பழைய வீடியோ கேம் மாதிரி மூன்று உயிர் வைத்து விளையாடும் கதை. முதல் காட்சியிலேயே ஒரு பெண் கொடூரமாகக் கொல்லப்படுகிறாள். மற்ற படமாக இருந்தால் அவளை அங்கேயே மறந்திருப்போம். இதில் அவளுக்குப் பெயர் உண்டு, அமுதா. புற்றுநோயோடு போராடி ஜெயித்தவள் என்ற கதை உண்டு. மகளைப் பற்றிப் பேச ஓர் அம்மா உண்டு. டாப்ஸி குத்திக்கொண்ட பச்சையின் மையில் அமுதாவின் சாம்பல் தற்செயலாகக் கலந்துவிடுகிறது. கடைசியில் கொலைகாரர்களை எதிர்த்து நிற்கும் தெம்பு அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கொலைகாரர்களுக்கோ பெயரும் இல்லை, பால்யகாலக் கதையும் இல்லை.

எனக்கு அது வில்லுப்பாட்டுக் கணக்காகவே படுகிறது. செத்தவள் உயிரோடு இருப்பவளுக்குத் துணை வருகிறாள். பயமும் குறையவில்லை. இரண்டாம் பாதியில் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியானால் எந்தக் கட்சி?

மாமா சொன்ன சிசிடிவியும் வேண்டும், மருமகன் சொன்ன இருட்டும் வேண்டும். கொலைகாரனின் கதையைச் சொல்லக்கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். நீலி கதையிலேயே, பழிவாங்க வந்தவள் கையாலும் சாவு விழுகிறது. நல்ல கதைகள் நல்லவர் கெட்டவர் என்று கோடு போட்டுப் பிரிப்பதில்லை. ஆனால் கொன்றவனுக்கு அரைமணி நேரம் ஒதுக்குகிற இயக்குநர், செத்தவளுக்கு ஐந்து நிமிஷமாவது ஒதுக்கலாம். அதற்குத் தனி பட்ஜெட் எதுவும் வேண்டாம்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 முதல் தணிக்கைச் சான்றிதழில் 'யுஏ' என்பதையே 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். படம் போடுமுன் அந்த எண்ணை ஒரு தடவை பாருங்கள். 'ஏ' என்று போட்டிருந்தால் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கிறீர்கள் என்றால், படம் முடிந்ததும் டிவியை உடனே அணைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். எப்படிப் பயமுறுத்தினார்கள் என்று பேசுங்கள். எந்தக் காட்சி நம்பும்படி இல்லை என்று பேசுங்கள். கூடவே அந்த மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள். 'செத்தவள் பேர் என்ன?'

பதில் தெரிந்தால் அது நல்ல படம். தெரியவில்லை என்றால், உங்கள் மகனோ மகளோ அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கட்டும். ஊர் எது, என்ன படித்தாள், யாருக்காக அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு ஓடினாள் என்று ஒரு கதை சொல்லட்டும். இயக்குநர் விட்ட இடத்தைப் பிள்ளைகள் நிரப்பிவிடுவார்கள். நம் பாட்டிமார் நமக்குக் கதை சொன்னதும் அப்படித்தானே?