மின்சாரப் பேருந்து பேட்டரிப் பெட்டி: நீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை தீயைத் தாங்குமா?

திருப்பதி: திருப்பதி - திருமலை மலைப்பாதையில் 2022ஆம் ஆண்டு முதல் ஆந்திரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகள் இயங்கி வருகின்றன. நாள்தோறும் பக்தர்களை ஏற்றிச் செல்லும் இவற்றின் பாதுகாப்பில், பேட்டரிப் பெட்டியின் மூடி விளிம்பில் பொருத்தப்படும் மெல்லிய ரப்பர் பட்டைக்கும் பங்கு உண்டு.

வாகனங்களில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் உயர் மின்னழுத்தமாகக் கருதப்படுகிறது. பேருந்து பேட்டரிகள் சில நூறு வோல்ட்டில் இயங்குபவை. மழைநீர் உட்புகுந்தால் மின்கசிவு ஏற்படும் என்பதால் பெட்டிகள் இறுக்கமாக மூடப்படுகின்றன. ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடங்கள் தாங்கும் பெட்டிக்கு ‘ஐபி67’ தரம் வழங்கப்படுகிறது. ஆனால் அத்தரம் தூசியையும் நீரையும் பற்றியது மட்டுமே; தீயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

தீத்தடுப்புச் சேர்மங்கள் கலக்கப்படாத பாலியூரித்தேன் நுரையும் இபிடிஎம் ரப்பரும் நீரை நன்கு தடுக்கும், தீப்பற்றினால் எரிபொருளாகிவிடும். சிலிக்கோன் ரப்பரும் எரியக்கூடியதே. எனினும் எரிந்தபின் மிஞ்சும் சிலிக்கா சாம்பல் வெப்பத்தை ஓரளவு தடுக்கிறது.

தீயைத் தாங்கும் திறனை அளப்பது ‘யுஎல் 94’ என்னும் தனிச் சோதனை. இதில் ‘வி-0’ தரம் பெறும் பொருள், சுடரை அகற்றிய 10 நொடிகளுக்குள் அணைந்துவிட வேண்டும்; எரியும் துளிகளைச் சிந்தக் கூடாது. இத்தரம் குறிப்பிட்ட தடிமனுக்கே பொருந்தும். அதே பொருளை மெல்லியதாக்கினால் தரம் மாறிவிடலாம்.

2022ஆம் ஆண்டின் மின்சார ஸ்கூட்டர் தீவிபத்துகளுக்குப் பின் மத்திய அரசு பேட்டரி விதிகளைக் கடுமையாக்கியது. பயணிகள் பகுதிக்கு ஆபத்து நேர்வதற்குக் குறைந்தது 5 நிமிடங்களுக்கு முன் எச்சரிக்கை தரப்பட வேண்டும் என்கிறது ஐ.நா. வாகன விதி எண் 100. கொண்டை ஊசி வளைவில் முதியோரும் குழந்தைகளும் நிறைந்த பேருந்துக்கு, அந்த 5 நிமிடங்களே உயிர்காக்கும் அவகாசம்.

சித்தூர் அருகேயுள்ள அமர ராஜா பேட்டரி ஆலையில் 2023 ஜனவரி 30 அன்று பெரும் தீவிபத்து நேரிட்டது. பேட்டரித் தொழில் வேரூன்றிய இம்மாவட்டங்களுக்குத் தீயின் வேகம் புதிதன்று.

புதிய பேட்டரிகள் சோதனைக்குப் பிறகே சாலைக்கு வருகின்றன. பழுதுபார்க்கத் திறக்கப்படும் பெட்டியில் மலிவான மாற்றுப் பட்டை பொருத்தப்பட்டால், அது நீர்ச் சோதனையில் தேறிவிடும். குறை தீயில்தான் தெரியவரும். எனவே பணிமனைகள் ஐபி தரத்துடன், பட்டையின் தீத்தரத்தையும் தடிமனையும் பதிவேட்டில் குறிப்பது அவசியமாகிறது.