பதிமூன்றாம் மாடி எங்கே?

பன்னிரண்டு இருக்கிறது. பதினான்கு இருக்கிறது. இடையிலே இருக்கவேண்டிய பதிமூன்றைக் காணோம்!

காணாமற்போனது கட்டுக்கதையிலே அல்ல, தோழர்களே! பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவருமாக, மும்பை மாநகரின் நடுவிலே நிமிர்ந்து நிற்கும் ஒரு பெரும் விடுதியிலே. நாட்டுக்கு நாடு, நகருக்கு நகர் கிளை பரப்பியுள்ள நிறுவனத்தின் விடுதி அது. எந்த ஊர்க் கிளைக்குச் சென்றாலும் அதே கட்டில், அதே விளக்கு, அதே புன்னகை! வணிக அலுவலாக இரண்டு நாள் தங்கச் சென்றேன். மின்தூக்கியிலே ஏறினேன், பொத்தான்களைப் பார்த்தேன். 10, 11, 12, 14, 15... எண்ணத் தெரியாத குழந்தை எழுதியதோ என்று ஐயுற்றேன். இல்லை, குழந்தை எழுதியிருந்தால் ஆசிரியர் சிவப்பு மையினால் சுழித்திருப்பார். எழுதியவர்கள் பெரியவர்கள்; பட்டம் பெற்றவர்கள்; ஆகவே சுழிப்பாரில்லை!

எனக்கு அளிக்கப்பட்டது பதினான்காம் மாடியிலே ஓர் அறை. பெட்டியை வைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கி வந்தேன். எதிர்ப்புற நடைபாதையிலே நின்று, தரைத்தளத்துக்கு மேலே சாளர வரிசைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். என் அறை இருந்த வரிசை சரியாகப் பதிமூன்றாவது! மாடி மறையவில்லை, பெயர்தான் மறைந்தது. ஊழ்வினை என்று ஒன்று உண்டென்றே வைத்துக்கொள்வோம். கட்டடத்தையே கவிழ்க்கவல்ல அந்தப் பேராற்றல், ஒரு பித்தளைப் பலகையைக் கண்டு ஏமாந்து திரும்பிப் போகுமாம்! எண்ணுக்கு அஞ்சுகிறவர்கள், தாங்கள் அஞ்சும் பொருளுக்கு எண்ணக்கூடத் தெரியாது என்றல்லவா நம்புகிறார்கள்?

வரவேற்பு மேசையிலே நின்றவர் தாராவியிலே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். கேட்டேன்.

"தம்பி, பதிமூன்றாம் மாடி எங்கே?"

"அது கிடையாது, சார். வாடிக்கையாளர்கள் விரும்புவதில்லை."

"நீங்கள் நம்புகிறீர்களா?"

"நான் நம்பவில்லை, சார். ஆனால் மாடிக்கு எண் போடுகிறவன் நான் இல்லையே!"

அந்த விடையிலே தவறில்லை, தயக்கம் இருந்தது. அதை நினைவில் வையுங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணி. கூடத்து மெத்திருக்கையிலே, கையிலே அறைச் சாவியோடு, காலடியிலே பெட்டியோடு, சென்னையிலிருந்து வந்த வணிகர் ஒருவர் அமர்ந்திருந்தார். "ஏன் ஐயா, அறை ஆயத்தமாகவில்லையா?" என்றேன். "அறை ஆயத்தம்தான்; நேரம் ஆயத்தமாகவில்லை. ராகுகாலம்! நாலரைக்கு மேல்தான் உள்ளே கால் வைப்பேன்" என்றார். வாடகை ஓடுகிறது, அவர் உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசியிலே கடல்கடந்த விலைகளைக் கண்ணிமைக்கும் நேரத்திலே அறிகின்றவர், தம் காலை எப்போது எடுத்துவைப்பது என்பதை மட்டும் நாள்காட்டித் தாளைக் கேட்டே அறிகிறார்!

அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கதிரவன் எழுவது முதல் மறைவது வரையுள்ள பகலை எட்டாகப் பங்கிட்டு, அதிலே ஒரு பங்கைத் தீயதென ஒதுக்குவது ராகுகாலம். சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ ஏழரைப் பாகை தள்ளி இருக்கிறது மும்பை. ஏழரை என்றதும் சனியை நினைத்து நடுங்கவேண்டாம், இது புவியியல்! பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். எனவே, மும்பையிலே கதிரவன் எழுவதும் மறைவதும் சென்னைக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் பின்னரே. அப்படியானால் ராகுவும் அரைமணி தாமதித்தல்லவா வந்திருக்கவேண்டும்? அப்படியானால் நாலரை மணிக்கு எழுந்து சென்ற வணிகர், அவர் சாத்திரப்படியே, ராகுவின் மடியிலே போய் அமர்ந்தார்! நேர்ந்தது என்ன? மறுநாட்காலை அவர் இட்லி தின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். இரண்டாம் முறையாகச் சட்னி கேட்டார். அதுதான் நேர்ந்தது!

மின்தூக்கியிலே மேல்நாட்டு மூடநம்பிக்கை. மெத்திருக்கையிலே உள்நாட்டு மூடநம்பிக்கை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் கைகுலுக்கிக்கொண்டன. மனிதனுக்குத்தான் எல்லை தாண்டக் கடவுச்சீட்டு வேண்டும், மடமைக்கு வேண்டியதில்லை!

எங்கிருந்து வந்தது இந்தப் பதிமூன்று அச்சம்? ஏசுநாதரின் இறுதி விருந்திலே பதிமூவர் அமர்ந்தனர், ஆகவே ஆகாது என்பர் சிலர். வடபுலத்துத் தேவர்களின் விருந்திலே அழையாது நுழைந்த பதிமூன்றாமவன் கேடு விளைத்தான் என்பர் வேறு சிலர். கதை எதுவாயினும், கடைசியிலே அது ஒரு பூனையின் கழுத்திலே கைக்குட்டை கட்டும் அளவுக்கு வளர்ந்தது! விளையாட்டாகச் சொல்லவில்லை. இலண்டன் நகரின் புகழ்பெற்ற சவாய் விடுதியிலே 1898ல் ஊல்ஃப் ஜோயல் என்ற செல்வர் விருந்தளித்தார். பதினால்வரில் ஒருவர் வராமையால் பதிமூவராயினர். முதலில் எழுபவர் சாவார் என்றார் ஒருவர். முதலில் எழுந்தவர் ஜோயல். சில வாரங்களில் ஜோகன்னஸ்பர்க்கிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதி நடுங்கியது. 1920களிலே மரத்தாலான கரும்பூனை ஒன்றைச் செய்து, காஸ்பர் என்று பெயரிட்டு, பதிமூவர் அமரும் விருந்திலே பதினான்காவது நாற்காலியில் அதை அமர்த்தி, கழுத்திலே துணி கட்டி, ஒவ்வொரு வகை உணவையும் அதன் முன்னே படைக்கலாயினர்!

ஜோயலைக் கொன்றது எண்ணா? பணம் பறிக்க மிரட்டிய ஒருவனின் கைத்துப்பாக்கி! துப்பாக்கியை மறந்தார்கள், எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். மூடநம்பிக்கையின் முழுத் தொழிலும் இதுதான். உண்மைக் காரணத்தை விடுவித்துவிட்டு, ஊமைக் காரணத்தைச் சிறையிலடைப்பது.

"அப்போலோ 13 என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள், ஏதோ நம்மை மடக்கிவிட்டதாக எண்ணி. விடை கூறுங்கள், தோழர்களே! 1970 ஏப்ரலிலே அந்த விண்கலத்தின் உயிர்வளிக் கலன் வெடித்தது உண்மை. 28 வோல்ட் மின்னழுத்தத்துக்காக அமைந்த வெப்பநிலைச் சொடுக்கிகளுக்குத் தரையிலே நடந்த சோதனையின்போது 65 வோல்ட் கொடுத்தார்கள். அவை ஒட்டிக்கொண்டு பயனற்றுப்போயின. சூடு மிகுந்து உள்ளிருந்த கம்பியின் காப்புறை கெட்டது. அதுவே காரணம். கலத்திலே சென்ற மூவரும் உயிரோடு திரும்பினர், கணக்கின் வலிமையாலே! 1967ல் அப்போலோ 1 கலத்திலே, தரையிலேயே தீப்பிடித்து, மூவர் மாண்டனர். எண்தான் கொல்லுமென்றால், கொன்றது ஒன்று, திருப்பியனுப்பியது பதிமூன்று! ஒன்றாம் எண்ணை ஒழித்த விடுதி எங்கேனும் உண்டா?

இன்னுங் கேளுங்கள். சீனத்திலே தீய எண் பதிமூன்று அல்ல, நான்கு. அவர்கள் மொழியிலே நான்கு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஒலியிலே ஒத்திருக்கின்றனவாம். ஆகவே அங்கே பல மாளிகைகள் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவுகின்றன. நாமோ, நாலும் தெரிந்தவர் என்று அறிஞரைப் புகழ்கிறோம்! இத்தாலியிலே தீய எண் பதினேழு. அதன் உரோம எழுத்துக்களை மாற்றி அடுக்கினால், இலத்தீனிலே 'வாழ்ந்து முடித்தேன்' என்ற பொருள் வருகிறதாம். ஊருக்கு ஓர் எண், நாட்டுக்கு ஓர் அச்சம்! நஞ்சு எந்த நாட்டிலும் நஞ்சு. நெருப்பு எந்த நாட்டிலும் சுடும். எல்லை தாண்டியதும் இயல்பு மாறுகிற தீமை, பொருளிலே உள்ள தீமையா? மூளையிலே புகுத்தப்பட்ட தீமையா?

பதிமூன்றுக்கு மிக அஞ்சும் நாடு அமெரிக்கா. அந்த நாடு 1776ல் விடுதலை முழக்கமிட்டபோது இணைந்து நின்றவை எத்தனை? பதிமூன்று! அதன் கொடியிலே இன்றும் பறக்கும் கோடுகள் எத்தனை? பதிமூன்று! ஒரு டாலர் தாளின் பின்புறத்திலே கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் படிகளை எண்ணுங்கள். பதிமூன்று! அந்தத் தாளை ஆகாதென்று திருப்பித் தந்த விடுதி முதலாளி உண்டா? மாடியிலே பதிமூன்று ஆகாது. மடியிலே பதிமூன்று ஆகும்!

நம் வள்ளுவர் என்ன செய்தார்? பன்னிரண்டாம் அதிகாரமாக நடுவு நிலைமையைப் பாடி முடித்தவர், அஞ்சி நடுங்கிப் பதினான்குக்கா தாவினார்? பதிமூன்றாவதாக அடக்கமுடைமையை வைத்தார். தாவவேண்டும் என்ற எண்ணம் எழவில்லை அவருக்கு. தாவுவது குரங்கின் வேலை!

"போகட்டுமே ஐயா! ஒரு பொத்தான் இல்லாமற் போனால் யாருக்கு என்ன கேடு?" என்று கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை கூறவே இதை எழுதுகிறேன்.

கேடு பொத்தானிலே இல்லை. "வாடிக்கையாளர் விரும்புவதில்லை" என்ற அந்தச் சொற்றொடரிலே இருக்கிறது. இந்தச் சொற்றொடர் புதிதா? இல்லை, நெடுங்காலக் குற்றவாளி அது!

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலே 216 அறைகள் கொண்ட ஒரு பயணியர் விடுதி இருந்தது. கறுப்பின மக்களுக்கு அங்கே இடமில்லை. 1964ல் குடிமை உரிமைச் சட்டம் வந்ததும் அதை எதிர்த்து வழக்காடினார் உரிமையாளர். யாருக்கு அறை தருவது என்பது என் விருப்பம் என்றார். அதே ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், உச்சநீதிமன்றம் ஒருமனதாக அவர் வாதத்தைத் தள்ளியது. அதற்கு முன்னே, தொழிலுக்காக ஊர்விட்டு ஊர் சென்ற கறுப்பினத்தவர் எங்கே உறங்கலாம், எங்கே உண்ணலாம் என்று அறிய ஒரு தனிக் கையேடே தேவைப்பட்டது. 1936 முதல் முப்பதாண்டுக்காலம் அந்தப் பச்சைக் கையேடு வெளிவந்தது. கையிலே பணம் இருந்தும், கண்ணிலே உறக்கம் இருந்தும், காரிலேயே இரவைக் கழித்தவர் எத்தனை பேர்!

அட்லாண்டா வரை போவானேன்? நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் தங்கும் விடுதிகளிலும் சாதி மதம் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்கிறது. நாடாளும் சட்டத்திலே உணவு விடுதியைப் பெயர் சொல்லி எழுதவேண்டிய தேவை வந்ததென்றால், அந்த விடுதிகள் எப்படி இருந்திருக்கவேண்டும்! சட்டம் 1950ல் வந்தபிறகும், 'பிராமணாள்' என்ற பலகை சென்னையிலே தொங்கியது. 1957ல் பெரியார் கிளர்ச்சி தொடங்கவேண்டியிருந்தது. திருவல்லிக்கேணியிலே ஒரு விடுதியின் முன்னே நாள்தோறும் தோழர்கள் மறியல் செய்து சிறை சென்றார்கள். அந்தப் பலகைக்குச் சொல்லப்பட்ட சமாதானமும் வழக்கம், வாடிக்கை என்பதுதான்!

பதிமூன்றும் அந்தப் பலகையும் ஒன்றா என்பீர்கள். ஒன்றல்ல. எண்ணுக்கு வலிக்காது, மனிதனுக்கு வலிக்கும். ஆனால் இரண்டுக்கும் வாயில் ஒன்று. பிறர் மடமையை நான் நம்பவில்லை, ஆனால் அதற்கேற்ப நடப்பேன் என்ற மனநிலைதான் அந்த வாயில். அது திறந்திருக்கும்வரை எதுவும் நுழையும். மணமாகாத இருவருக்கு அறை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என 2019ல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. ஆயினும், தனியே வரும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் கண்கள் இன்னும் மூடவில்லை. கேட்டால் அதே விடை: மற்ற வாடிக்கையாளர் விரும்புவதில்லை!

பிறரைச் சாடினேன்; நான் மட்டும் தூயவனா? திங்களன்று புறப்படவேண்டியவன் நான். அன்று அட்டமி, வேண்டாம் என்றார் என் நிறுவனத் தலைவர். மேடையிலே முழங்கும் என் வாய் அப்போது மூடிக்கொண்டது. பயணச்சீட்டை மாற்றினேன். செவ்வாயன்று வந்து சேர்ந்தபோது, நான் பேசவேண்டிய நூல் வணிகம் முந்தின நாளே வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அட்டமியால் கெட்டது உண்மைதான். அட்டமியிலே போனதால் அல்ல, போகாததால்! மாடிக்கு எண் போடுகிறவன் நான் அல்லவே என்ற அந்த இளைஞரின் தயக்கம், என் தயக்கமும்தான். அவருக்கு மேலிடம், எனக்கு முதலாளி.

மேடையிலே பகுத்தறிவு எளிது. மேசை முன்னே பகுத்தறிவு அரிது. கூட்டத்திலே கைதட்டு கிடைக்கும்; அலுவலகத்திலே முகச்சுளிப்புத்தான் கிடைக்கும். அந்த முகச்சுளிப்பைத் தாங்குகிறவனே பகுத்தறிவாளன். ஊர் திரும்பியதும் தலைவரிடம் சென்றேன். இழந்த வணிகத்தின் தொகையைத் தாளிலே எழுதி முன்னே வைத்தேன். "இது அட்டமிக்கு நாம் கட்டிய வரி" என்றேன். அவர் சினந்தார், பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டார். அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கும்போது அவர் நாள்காட்டியைப் புரட்டவில்லை.

விடுதியை விட்டுப் புறப்படும்போது, கருத்தெழுதும் தாளை நீட்டினார் அந்த இளைஞர். எழுதினேன்: "பதிமூன்றாம் மாடியிலே இரண்டு இரவு தங்கினேன். உறக்கம் நன்று. பெயர்ப்பலகையை மட்டும் திருத்துக." படித்தார், சிரித்தார். "அடுத்த முறை நீங்கள் வரும்போது மாறியிருக்குமா, சார்?" என்றார்.

"ஒருவர் எழுதினால் மாறாது, தம்பி. வாடிக்கையாளர் விருப்பம்தானே அவர்களுக்கு வேதம்? ஆயிரம் வாடிக்கையாளர் எழுதட்டும்!"

தோழர்களே! வேலைக்காக ஊர் ஊராகச் செல்பவர்கள் உங்களிலே பலர். மின்தூக்கியிலே ஏறும்போது பொத்தான்களை எண்ணுங்கள். பதிமூன்று இல்லையேல், மேசை முன்னே நின்று, பணிவாக, ஆனால் உரக்கக் கேளுங்கள்:

பதிமூன்றாம் மாடி எங்கே?