உலோக இதய வால்வு: ஆபரேஷனுக்குப் பின் முதல் 3 மாதங்கள் ஏன் முக்கியம்? கல்வராயன் மலை மக்களுக்கு என்ன சவால்?

இதய வால்வு ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிட்டாலே கண்டம் தாண்டியாச்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மெக்கானிக்கல் வால்வு பொருத்தியவர்களுக்கு அடுத்த கட்டம் அங்கேதான் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் இது இன்னும் சிரமம்.

யாருக்கு இந்த வால்வு?

நம் நாட்டில் இளம் வயதிலேயே வால்வு கெட்டுப்போக முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதில் வரும் தொண்டைத் தொற்றைக் கவனிக்காமல் விட்டால், அது இதயம் வரை பாதிக்கும். திசு வால்வு இளைஞர்களுக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடும். மெக்கானிக்கல் வால்வோ பல பத்தாண்டுகள் உழைக்கும்.

வால்வே பழுதாகுமா?

அது மிக அரிது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வே உதாரணம். முதல் 3 மாதிரிகள் தோற்று, 4-வது மாதிரிதான் 1990 டிசம்பரில் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 306 பேரைப் பின்தொடர்ந்து 2001-ல் வெளியான ஆய்வில் வால்வு உடைந்ததாக ஒரு பதிவும் இல்லை. தொல்லை கொடுத்தது ரத்தக்கட்டிதான்.

முதல் 3 மாதம் ஏன் முக்கியம்?

தையல் போட்ட இடத்தில் உடலின் திசு படர்ந்து மூடும் வரை, அங்கே ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டும். டோஸ் குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. அளவு சரியா என்று காட்டுவதுதான் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை. மைட்ரல் வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடியும், அளவு நிலைத்த பிறகு பெரும்பாலும் மாதம் ஒருமுறையும் பார்ப்பார்கள்.

மலையில் என்ன சிக்கல்?

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. சிறுவங்கூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆபரேஷனுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால் மாதாமாதம் ஆகும் பஸ் செலவும் கூலி இழப்பும் குடும்பத்தின் தலையில்தான். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தீர்வு இருக்கிறதா?

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சில நிமிடங்களில் ஐஎன்ஆர் காட்டும் கையடக்கக் கருவி இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. அதே வழியில் இந்தக் கருவியும் மலையேறினால், போட்ட வால்வு வீணாகாது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள்.
* கீரையை நிறுத்த வேண்டாம். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள்.
* வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரைக் கேட்டே எடுங்கள்.
* கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம்.
* வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்கினால், மூச்சு வாங்கினால், வாய் கோணினால், கை கால் மரத்தால், மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.