போலிக் கித்தாரும் பழி சுமக்கும் பிள்ளையும்



கேமரன் மலையின் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த என் முன்னாள் மாணவன், அண்மையில் தன் மின்கித்தாருடன் என் இல்லம் வந்தான். "எனக்கு இசைச் செவியே இல்லை ஐயா. இதை விற்றுவிடப் போகிறேன்" என்றான். தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரியும் அவன் தந்தை, கூடுதல் நேர வேலை செய்து சேர்த்த 400 ரிங்கிட்டில் இணையவழி வாங்கித் தந்த கருவி அது. அதன் தலைப்பகுதியில் புகழ்பெற்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர் மின்னியது. பெயரோ போலி.

இசையறிந்த நண்பரிடம் அதைக் காட்டினேன். வீணையில் மெட்டு என்போமே, கித்தாரில் அதனை ஃபிரெட் என்பர். தந்தியை அழுத்தாமல் மீட்டும் ஒலிக்கும் 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலிக்கும் சரியாக ஒரு ஸ்தாயி இடைவெளி இருத்தல் வேண்டும். இதிலோ இல்லை. தந்திகள் அமரும் 'நட்' என்னும் சிறு தாங்கியின் பள்ளங்களும் போதிய ஆழமின்றி இருந்தன. அதனால் முதல் ஃபிரெட்டுகளில் தந்தியை மிகுதியாக அழுத்த நேர்ந்தது. அழுத்த அழுத்தச் சுருதி ஏறியது. நண்பர் பள்ளங்களை அரத்தால் தேய்த்து, குதிரையைத் திருகி நகர்த்தியதும் கருவி ஓரளவு இணங்கியது.

எண்ணிப் பாருங்கள். அச்சிறுவனின் செவி பழுதன்று. பழுதை உணர்ந்ததே அச்செவிதான்!

பேஸ் கித்தாரில் இடர் இன்னும் கூடுதல். அதன் தந்தி நீளம் பொதுவாக 34 அங்குலம், தந்திகளும் தடித்தவை. அவற்றின் இழுப்பைத் தாங்காத தரமற்ற கழுத்து நாளடைவில் வளைந்துவிடும்.

அவ்வாறாயின் மலிவான சாயற்கருவிகள் யாவும் தீயனவா? இல்லை. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்கக் கித்தார்களைப் பார்த்துச் செய்தன. தலைப்பகுதி வடிவத்திற்காக 1977இல் கிப்சன் தரப்பு ஐபனீஸ் தரப்பின்மீது வழக்கும் தொடுத்தது. அது சமரசத்தில் முடிந்தது. இன்று ஐபனீஸ் மதிப்புக்குரிய பெயர். 1982இல் ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானில் 'ஸ்குவையர்' என்னும் மலிவு வரிசையைத் தொடங்கியது.

வடிவத்தைப் பின்பற்றுவது வேறு. பெயரைத் திருடுவது வேறு. தன் பெயரில் விற்பவன் அப்பெயர் கெடுமே என்று அஞ்சுவான். பிறர் பெயரில் விற்பவனுக்கு இழக்க ஏதுமில்லை.

பெற்றோர்களே, பெரிய பெயருக்கு மயங்காதீர்கள். சொந்தப் பெயர் தாங்கிய எளிய கருவி போதும். ஈப்போ வரை இறங்க நேர்ந்தாலும், வாசிக்கத் தெரிந்தவரை உடனழைத்துச் சென்று, மீட்டிப் பார்த்து வாங்குங்கள். கருவியின் குற்றத்தைப் பிள்ளைகள் தம் குற்றமெனச் சுமக்க வேண்டாம்.

சிந்திப்போம்.