ஒண்டிக்கடையில் எத்தனை மாடி?

'மலைமேல் சொந்த வீடு' என்ற விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பனிமூட்டம், சில்வர் ஓக் மரங்கள், பால்கனியில் காபி குடிக்கும் தம்பதி, கூடவே 'ஏரிக்கு மிக அருகில்' என்று ஒரு வரி. வெயிலில் வேகிற ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வருகிறது.

அந்தப் படத்தில் சில விஷயங்கள் மட்டும் இருக்காது. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், காரை எங்கே நிறுத்துவது, மழைக்காலத்தில் ரோடு திறந்திருக்குமா. வீடு என்றால் இவையும்தானே?

உதாரணத்துக்கு, சேலத்துக்கு மேலே உள்ள ஏற்காடு. அங்கே போனவர்கள் ஒண்டிக்கடையை மறந்திருக்க மாட்டீர்கள். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து புறப்படும் ஏற்காடு ரோடு, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏரிப் பக்கம் வந்து சேர்கிறது. அங்கேதான் ஒண்டிக்கடை ரவுண்டானா. அருகே அண்ணா பூங்கா, படகு இல்லம், மிளகாய் பஜ்ஜிக் கடைகள், மிளகும் காபித்தூளும் விற்கும் கடைகள், லாட்ஜுகள். மே மாதம் கோடை விழா வந்துவிட்டால் நடந்து போகிறவர்கள் காரில் இருப்பவர்களை முந்திவிடுவார்கள்.

இப்படி ஒரு மெயின் ரோட்டில் நாலு, ஐந்து மாடி அபார்ட்மென்ட் வந்தால் என்ன தப்பு? ஏற்காட்டில் மட்டுமல்ல, எல்லா மலை ஊர்களிலும் எழுகிற கேள்வி இது. 'வரவே கூடாது' என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. வேண்டும் என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மலையில் வீடு கிடைப்பது உண்மையிலேயே கஷ்டம். பள்ளிக்கூட டீச்சர், ஆஸ்பத்திரி நர்ஸ், லாட்ஜில் வேலை பார்க்கும் பையன், எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வுபெற்று லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளி, இவர்களெல்லாம் எங்கே குடியிருப்பார்கள்? ஒரு வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கினால் சனி, ஞாயிறில் வருகிற பணத்துக்கு மாத வாடகை ஈடாகாது. வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் வாடகைக்கு வீடு தேடும் குடும்பத்தின் பாடு?

இன்னொரு நியாயமும் உண்டு. இருபது குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஓர் இடம்தான் போகும். அதே இருபது பேரும் ஆளுக்கொரு வில்லா கட்டினால்? ஒவ்வொரு வில்லாவுக்கும் ஒரு பாதை, பாதைக்காகச் சரிவை வெட்ட ஒரு ஜேசிபி, வெட்டிய இடத்தில் ஒரு தடுப்புச் சுவர், அதற்குள் விழுந்த மரங்கள் எத்தனையோ. கவனியுங்கள், உயரத்தை மட்டும் தடுத்தால் மலை பிழைத்துவிடாது. மேலே போகாத கட்டடம் பக்கவாட்டில் பரவும்.

அப்படியானால் மாடிகளை ஏற்றிவிடலாமா? அங்கேதான் நான் தயங்குகிறேன்.

சமவெளியில் ஒரு கட்டடத்தின் பாரத்தை அதன் அடியில் இருக்கும் நிலம் தாங்குகிறது. சரிவில் அப்படி இல்லை. அஸ்திவாரத்துக்காக வெட்டும்போது மேலே இருக்கிற மண் பிடிமானம் இழக்கிறது. கீழே இருக்கிற மண்மீது புதிய பாரம் ஏறுகிறது. இடையில் மழைத்தண்ணீர் புகுந்தால் மேல் மண், கட்டடம், கீழ் மண் மூன்றும் சேர்ந்து நகரப் பார்க்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது, ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததையும் மரங்கள் சாய்ந்ததையும் எல்லோரும் பார்த்தோம். வடக்கே உத்தராகண்டின் ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் என்ன நடந்தது? நிலம் அமிழ்ந்து, பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு ஹோட்டல்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. இரண்டையும் இடிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து, தண்ணீர். ஏற்காடு பெயர்பெற்ற சுற்றுலாத் தலம்தான். ஆனால் நிர்வாகத்தில் அது நெடுங்காலமாக ஓர் ஊராட்சியாகத்தான் இருந்தது. ஒரு நகராட்சிக்கு இருக்கிற பணமோ ஆள்பலமோ அதற்கு இருந்ததில்லை. ஏரியோ ஊரின் பள்ளத்தில் இருக்கிறது. சாம்பார்ச் சட்டியின் அடியில் பருப்பு தங்குவதுபோல, சுற்றிலும் நாம் கொட்டுவதெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஏரி நிரம்பினால் உபரி நீர் கிளியூர் அருவியாக விழுகிறது. சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பதும் இதே சேர்வராயன் மலையில்தான். மேலே ஒரு செப்டிக் டேங்க் கசிந்தால் அது மேலே இருப்பவர்களின் பிரச்சினை மட்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டர் வரை உயரமுள்ள கட்டடம் 'உயரமான கட்டடம்' என்ற கணக்கில் வராது. நாம் பேசுகிற நாலைந்து மாடி வீடுகள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். மலைக்கு மட்டும் தனிப் பார்வை உண்டு. 1990-ல் தமிழக அரசு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. ரியல் எஸ்டேட்காரர்கள் 'ஹாக்கா அப்ரூவல்' என்று சொல்வது இந்தக் குழுமத்தின் அனுமதியைத்தான். ஏற்காட்டு மலைக் கிராமங்களும் அதன் பட்டியலில் இருக்கின்றன. நீலகிரியில் இன்னும் கறார். அங்கே 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது.

விதி இருந்தால் போதுமா? கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலை நினைத்துப் பாருங்கள். இரண்டு தளங்களுக்கு அனுமதி, எழும்பியது ஏழு. பிறகு அரசே விதியைத் தளர்த்தி ஆணை போட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர் கோர்ட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்றம் தளர்வை ரத்து செய்தது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் ஹோட்டல்காரர்களைக் காப்பாற்றவில்லை. எனக்கு அந்த வழக்கில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, கட்டிய பிறகு கோர்ட்டில் கேட்க வேண்டியிருந்தது.

சரி, என்னதான் செய்யலாம்?

உயரத்தைக் கீழே கூட்டுவோம், மேலே அடக்குவோம். கீழே சேலத்தில், அஸ்தம்பட்டியில், கன்னங்குறிச்சிப் பக்கத்தில், சமதரையில் நாலைந்து மாடி அபார்ட்மென்ட் வருவதில் தப்பே இல்லை. பஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, கடை கண்ணி இருக்கிறது. அங்கேயும் 'எங்கள் தெருவில் மாடி வேண்டாம்' என்று மறிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் வேண்டுகோள்: நகரத்தில் வீடு கிடைக்காமல் போகிற நெருக்கடிதான் அடிவாரத் தோட்டங்களையும் மலைச் சரிவையும் தின்கிறது. உங்கள் தெருவில் இன்னொரு குடும்பத்துக்கு இடம் கொடுங்கள்.

மேலே ஒண்டிக்கடை போன்ற இடத்தில் நம் பழைய கடைவீதி முறையே போதும். கீழே கடை, மேலே வீடு. ஏற்கெனவே கட்டடம் நிற்கிற இடத்தில், புதிதாகச் சரிவை வெட்டாமல், ஒரு மாடியோடு நிறுத்திக்கொள்வது. அந்த வீடுகள் முதலில் அங்கே வேலை செய்பவர்களுக்கு, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற பத்து ஃபிளாட்டுகளைவிட, தினமும் அடுப்பு எரிகிற இரண்டு வீடுகள் ஊருக்கு நல்லதில்லையா? கடைக்காரருக்கும் அதுதானே வியாபாரம்?

'அப்படியானால் நாங்கள் மலையில் வீடு வாங்கவே கூடாதா, சார்?' என்று கேட்பீர்கள். வாங்குங்கள். விளம்பரத்தை நம்பி மட்டும் வாங்காதீர்கள். எட்டு வீடுகளுக்கு மேலும் 500 சதுர மீட்டருக்கு மேலும் உள்ள திட்டம் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. விளம்பரத்தில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஹாக்கா அனுமதி, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி இரண்டின் நகலையும் கேளுங்கள். 'அப்ளை பண்ணியிருக்கோம் சார், வந்துடும்' என்றால் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று புரோக்கரிடம் கேட்காமல் பக்கத்துக் கடையில் கேளுங்கள். முடிந்தால் நல்ல மழை நாளில் ஒருமுறை போய் இடத்தைப் பாருங்கள். எந்தப் பத்திரமும் சொல்லாததை அந்த மழை சொல்லிவிடும்.

மலை ஊராட்சிகளில் வசிக்கும் வாசகர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஊராட்சிக்குப் பணமும் ஆள்பலமும் குறைவு என்று சொன்னேன் அல்லவா? ஆனால் ஊராட்சியில் ஒரு லாபமும் இருக்கிறது. ஊராட்சி என்றால் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். ஒரு புதிய கட்டடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே, கார் எங்கே என்று மூன்றே கேள்விகள். கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கட்டுகிறவரும் நம்மில் ஒருவர்தான். முன்கூட்டியே கேட்டால் அவருக்கும் செலவு மிச்சம்.

உங்கள் ஊர் மெயின் ரோட்டில் எத்தனை மாடி இருந்தால் சரி? எதற்காக? எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் பதில்களுக்கு இடம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்