முதுகுல கனடா கொடி, பாக்கெட்டுல அமெரிக்க பாஸ்போர்ட்!



ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க. (மூடிட்டா எப்படிப் படிப்பீங்க? சரி, திறந்தே இருக்கட்டும்.) உங்களுக்கு 20 வயசு. ஊர், அமெரிக்காவுல ஒஹையோ. காலேஜ்ல மூணாவது வருஷம். ரெண்டு கோடை லீவுல பர்கர் கடையில தட்டு கழுவிச் சேர்த்த டாலர்ல பாரீஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம்னு ஒரு மாச ட்ரிப் போட்டிருக்கீங்க. கிளம்புறதுக்கு முதல் நாள், போன வருஷம் போயிட்டு வந்த சீனியர் ஒருத்தர் ஒரு துண்டுத் துணியை உங்க கையில திணிக்கிறார். சிவப்பு மேப்பிள் இலை போட்ட கனடா கொடி. ‘‘பை முதுகுல தைச்சுக்கோ. யாராவது கேட்டா டொரான்டோன்னு சொல்லிடு. வம்பே வராது!’’

தைப்பீங்களா?

சிரிக்காதீங்க. நிஜமாவே நடந்த சங்கதி இது. 2004-ல் நியூ மெக்ஸிகோ மாநிலத்து டி-ஷர்ட் கம்பெனி ஒன்று, ‘கோ கனேடியன்’ என்ற பெயரில் ஒரு செட்டையே விற்றது. கனடா கொடி போட்ட டி-ஷர்ட், பையில் தைக்க ஒரு கொடி, சட்டையில் குத்த ஒரு பின், கூடவே கனடாக்காரர் மாதிரிப் பேசுவது எப்படி என்று ஒரு குட்டிக் கையேடு. விலை கிட்டத்தட்ட 25 டாலர். அவனவன் அமெரிக்க விசாவுக்குத் தவம் கிடக்கிறான். இவங்க என்னடான்னா அமெரிக்கர்னு தெரியாம இருக்கக் காசு கொடுத்திருக்காங்க!

இத்தனைக்கும் மூணு வருஷத்துக்கு முன்னாடி கதையே வேற. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ரெண்டு நாள் கழித்து, லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் காவலர்கள் மாறும் சடங்கின்போது அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார்கள். பாரீஸின் ‘லெ மோந்த்’ பத்திரிகை, ‘நாம் எல்லோரும் அமெரிக்கர்களே’ என்று தலைப்புக் கொடுத்துத் தலையங்கம் எழுதியது.

அப்புறம் வந்தது இராக். 2003 பிப்ரவரி 15-ம் தேதி ரோம், லண்டன், மாட்ரிட் என்று ஊர் ஊராக லட்சக்கணக்கில் ஜனங்கள் போர் வேண்டாம்னு வீதிக்கு வந்தார்கள். (அதே நாளில் நியூயார்க்கிலும் பெரிய கூட்டம் கூடியது. இதை மறந்துடாதீங்க, பின்னாடி வேணும்.) ஐ.நா. சபையில் பிரான்ஸ் முறைத்துக்கொண்டு நின்றது. கடுப்பான அமெரிக்க எம்.பி.க்கள் என்ன பண்ணினார்கள் தெரியுமா? அவங்க நாடாளுமன்ற கேன்டீன் மெனுவில் ‘ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்’ என்பதை அடித்துவிட்டு ‘ஃப்ரீடம் ஃப்ரைஸ்’ என்று போட்டார்கள். உருளைக்கிழங்கு என்னங்க பாவம் பண்ணுச்சு? 2006-ல் சத்தம் காட்டாமல் பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஆளும் ஆள் மாறினால் ஐரோப்பியர்களின் முகமும் மாறும். பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கைப் பாருங்க. அமெரிக்காவை நல்ல விதமாக நினைத்த பிரெஞ்சுக்காரர்கள் 2008-ல், அதாவது புஷ்ஷின் கடைசி வருஷத்தில், 100-க்கு 42 பேர். ஒபாமா வந்த 2009-ல் 75. டிரம்ப் இருந்த 2020-ல் 31. ஷேர் மார்க்கெட் தோத்துது போங்க! டூரிஸ்ட் என்னவோ அதே டூரிஸ்ட்தான். அதே பேஸ்பால் தொப்பி, அதே வெள்ளை ஷூ, அதே சத்தமான சிரிப்பு.

2025-ல் டிரம்ப் மறுபடி வந்து, வரி, கிரீன்லாந்து என்று ஆரம்பித்ததும், கனடா கொடி டெக்னிக்கும் தூசி தட்டப்பட்டது. ஆனா, இந்த முறை கடுப்பானது கனடாக்காரர்கள். பின்னே? கனடாவை 51-வது மாநிலம் ஆக்கிடலாம்னு உங்க அதிபர் ஒரு பக்கம் பேசிக்கிட்டு இருக்கார். இன்னொரு பக்கம், ஊர் சுத்த மட்டும் அவங்க கொடி வேணுமா?

என் ஓட்டைக் கேட்டா, தைக்காதீங்கன்னுதான் சொல்வேன். நியூயார்க் ஊர்வலம்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? உங்க ஊர்லயே பாதிப் பேர் உங்க அரசாங்கத்தோட சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. அது பாரீஸ்ல காபி கடையில உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குத் தெரியணும்னா, எதிரே ஒரு நிஜ அமெரிக்கர் உட்காரணும். நீங்க டொரான்டோன்னு சொல்லிட்டா, அந்தப் பேச்சே அங்க வராது.

சரி, கொடியைப் பிரிச்சாச்சு. இப்ப பாரீஸ்ல நிஜமாவே என்ன நடக்கும்?

ஒரு ரெஸ்டாரன்ட்டுக்குள்ளே போறீங்க. பளிச்னு சிரிச்சு, நேரா போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, இங்கிலீஷ்ல ஆர்டர் கேட்கிறீங்க. வெயிட்டர் முகம் இஞ்சி தின்ன மாதிரி ஆயிடுது. உடனே முடிவு கட்டிடுவீங்க: ‘‘அமெரிக்கன்னாலே இவங்களுக்கு ஆகாது!’’

தப்பு பாஸ். பிரான்ஸில் கடைக்குள் நுழைவது என்பது ஒருத்தர் வீட்டுக்குள் நுழைவது மாதிரி. உள்ளே வருகிறவர்தான் முதலில் ‘பான்ஷூர்’ சொல்ல வேண்டும். திண்ணையில் இருக்கிற தாத்தாவை ஒரு வார்த்தை கேட்காமல், நேரா அடுப்படிக்குப் போய்த் தண்ணி மொண்டு குடிக்கிற பையனை உங்க வீட்ல என்ன சொல்லுவாங்க? அதேதான். பளிச் சிரிப்பு அதற்கு ஈடு கிடையாது. தெரியாத ஆளைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தால், இவனுக்கு என்ன ஆச்சுன்னு யோசிக்கிற ஊர் அது.

அடுத்த பல்பு, பில் விஷயத்தில். சாப்பிட்டு முடித்து 20 நிமிஷம் ஆகியும் வெயிட்டர் எட்டிப் பார்க்கவில்லை. வேணும்னே அவமானப்படுத்துறான்னு உங்களுக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால், அவர் மரியாதை செய்துகொண்டிருக்கிறார்! கேட்காமல் பில்லை வைப்பது அங்கே ‘எழுந்து போ’ என்று சொல்வதற்குச் சமம். நீங்க கேட்கிறவரைக்கும் மேஜை உங்களுடையது.

அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். அங்கே டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு மத்திய அரசு சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-லிருந்து அந்தத் தொகை மாறவே இல்லை. பல மாநிலங்கள் கூடக் கொடுக்கச் சொல்கின்றன. மற்ற இடங்களில் டிப்ஸ்தான் சோறு. அதனால்தான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, சாப்பாடு எப்படி, இன்னும் ஏதாவது வேணுமான்னு சிரிக்கிறார்கள். பிரான்ஸில் சர்வீஸ் கட்டணம் விலையிலேயே சேர்ந்து வரும். வெயிட்டருக்கு அது ஒழுங்கான சம்பளம் உள்ள உத்தியோகம். உங்ககிட்ட இளிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த இளிப்பையே வரவேற்புன்னு பழகிட்டவருக்கு, இந்த நிதானம் விரோதமாத் தெரியுது.

அதுக்காக பாரீஸ்காரங்க எல்லாம் தங்கம்னு சொல்லலை. அவங்க சிடுசிடுப்பு அவங்களுக்கே தெரியும். 2013-ல் பாரீஸ் வர்த்தக சபையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து, டூரிஸ்ட்டுகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கையேடே அடித்து, டாக்ஸி டிரைவர், வெயிட்டர், கடைக்காரர்களுக்கு 30,000 பிரதி கொடுத்தார்கள். எந்த நாட்டுக்காரருக்கு என்ன பிடிக்கும்னு ஒரு நோட்ஸ்! இன்னொரு கூத்து: 2009-ல் எக்ஸ்பீடியா நிறுவனம் உலகம் பூரா ஹோட்டல்காரர்களிடம் ‘மோசமான டூரிஸ்ட் யாரு’ன்னு கேட்டபோது, கடைசி இடத்துக்கு வந்தது அமெரிக்கர்கள் இல்லை, சாட்சாத் பிரெஞ்சுக்காரர்கள்தான்.

அமெரிக்க டூரிஸ்ட்டைப் போட்டுத் தாளித்தவர்களில் ஒரு அமெரிக்கரும் உண்டு. மார்க் ட்வெய்ன் 1867-ல் ‘குவேக்கர் சிட்டி’ கப்பலில் ஒரு டூரிஸ்ட் கும்பலோடு ஐரோப்பா போய்விட்டு வந்து, 1869-ல் எழுதிய புத்தகத்தில் கூட வந்தவர்களையும் தன்னையும் சேர்த்தே கலாய்த்திருப்பார். பெயர் வாயில் நுழையவில்லை என்று, வந்த கைடுக்கெல்லாம் ‘ஃபெர்குசன்’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம்!

2024 ஜூலையில் பார்சிலோனாவில் டூரிஸ்ட்டுகள் மேல் தண்ணித் துப்பாக்கி அடித்தார்களே, அது தனிக் கேஸ். வீட்டு வாடகை எகிறிய கோபம் அது. நனைந்தவர்களிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கதவு திறக்கிற இடமும் இருக்கு. நெதர்லாந்தின் தென்கோடியில், மாஸ்ட்ரிக்ட் நகரத்துக்குப் பக்கத்தில், மார்கிராட்டன்னு ஒரு கிராமம். இரண்டாம் உலகப்போரில் செத்த 8,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1945-லிருந்து அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு கல்லறையைத் தத்து எடுத்திருக்கின்றன. தாத்தா எடுத்த கல்லறையை இப்போது பேத்தி பார்த்துக்கொள்கிறாள். நேரம் கிடைக்கும்போது போய்ப் பூ வைக்கிறார்கள். இறந்தவரின் சொந்தக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தால், வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுகிறார்கள். தத்து எடுக்காத கல்லறையே அங்கே இல்லை. அடுத்து எடுக்க ஆட்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

இந்தப் பாசத்துக்கும் அமெரிக்க அரசாங்கத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே குழி வெட்டியதில் கறுப்பின அமெரிக்க வீரர்களின் பங்கு பெரிசு. 1944-ல் மழைச் சேற்றில் நின்று, தினம் வந்து குவிந்த சடலங்களை அடக்கம் செய்தவர்கள் அவர்கள். 2025-ல், கல்லறையைப் பராமரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு, கறுப்பின வீரர்களைப் பற்றி அங்கே வைத்திருந்த 2 பலகைகளை எடுத்துவிட்டது. உடனே கொதித்துக் கிளம்பியது யார்? உள்ளூர் டச்சுக்காரர்களும் அந்த மாகாணத்து அரசியல்வாதிகளும். எங்க ஊர் மண்ணுல கிடக்கிற அமெரிக்கர்களோட கதையை நீங்க எப்படி எடுக்கலாம்னு, அமெரிக்காவைப் பார்த்தே கேட்டார்கள்!

ஒஹையோவிலிருந்து வந்தவர்னு சொன்னா, அந்த ஊர்ல ஏதாவது ஒரு வீட்டுக்காரர், ‘‘எங்க கல்லறையில இருக்கிற பையனும் ஒஹையோதான்’’னு சொல்லிக் காபி போட உட்கார வைக்கலாம். டொரான்டோன்னு சொன்னாலும் ஒண்ணும் விரட்ட மாட்டாங்க. 1945-ல் நெதர்லாந்தின் பெரும்பகுதியை மீட்டது கனடா ராணுவம். அவங்களுக்கும் அங்கே தனி மரியாதை உண்டு. என்ன, அடுத்தவங்க தாத்தா பண்ணின வேலைக்கு நீங்க நன்றி வாங்கிக்கிட்டு, முழிச்சுக்கிட்டே காபி குடிக்கணும்.